ஏழு டிகிரி

மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை,
நீரில்லா ஆறு என்று
எங்கள் ஊரைப் பழிக்கும் பட்டியலில்
இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்:
கப்பலேறாத கப்பற்காரி.

காட்பாடியில், ஏகாம்பரத்தின் டயர் கடைக்கு மேலே
ஒற்றை அறை. இரண்டு திரை. ஒரு மேசை விசிறி.
கடலில் போகிற கனத்த சாமான்
நழுவாமல் உருளாமல் இருக்க
எத்தனை சங்கிலி, எத்தனை முட்டு, எங்கே வெல்டு
என்று எழுதிக்கொடுப்பது என் வேலை.
கத்திரி வெயில் நாற்பத்திரண்டைத் தொட்ட பகலில்
கப்பல் ஏழு டிகிரி சாயும் என்று எழுதினேன்.
இரண்டும் டிகிரிதான்.
ஒன்றில் வியர்த்துக்கொண்டே மற்றதைக் கூட்டினேன்.

சாமான் என்றால்,
தொண்ணூறு மீட்டர் காற்றாலை இறக்கை மூன்று.
அவற்றைத் தூக்கிக்கொண்டு நடுக்கடலில் மிதக்கப்போகும்
மேடையின் ஒரு கால்:
அறுநூறு டன், உள்ளே வெறும் காற்று.
அந்தக் காலின் விலாவளையங்களைத் துண்டுதுண்டாக வளைத்தது
ரத்தினகிரிப் பக்கம் ஒரு பட்டறையில்.
லாரியேறி அவை பாலாற்றுப் பாலத்தைக் கடந்தன.
மேலே மிதக்கச் செய்த இரும்பு,
கீழே மணல்,
மணலில் பையன்கள் கிரிக்கெட்.

காட்டுப்பள்ளியில் ஏற்றினார்கள்.
போகவேண்டியது தூத்துக்குடி.
வரைபடத்தில் ஒரு சாண்கூட இல்லை.
ஆனால் பாம்பனுக்கும் மன்னாருக்கும் நடுவே
கடலுக்கு ஆழம் போதாது.
இலங்கையை முழுசாக வலம் வந்துதான் ஆகவேண்டும்.

கப்பலில் என் ஆள் இஸ்மத்துல்லா,
மேல்விஷாரத்துக்காரன். வீட்டில் எல்லாரும் தோல் வியாபாரம்,
இவன் மட்டும் சங்கிலி பிடித்தான்.
"மேடம், உங்க கணக்குல கச்சான் காத்து இருக்கா?"
ஏறும்போதே கேட்டான்.
பத்து வருடச் சராசரியில் இருக்கிறது என்றேன்.
"சராசரியில யாரும் முழுகறதில்ல மேடம்" என்று சிரித்தான்.

நாலாம் இரவு, ஒன்றே முக்காலுக்கு போன்.
தேவேந்திரமுனையைச் சுற்றித் திரும்பியதும்
அலை குறுக்கே அடிக்கிறது. பதினொரு டிகிரி சாய்கிறது.
பதினாலாம் முட்டில் மயிரிழைக் கீறல்.
அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ கிறீச்சிட்டது,
நிதானமாக,
ஒன்பது நொடிக்கு ஒருமுறை.
அந்த ஒன்பது என் கணக்கில் இருந்தது. அச்சாக இருந்தது.
ஏழுதான் பொய்.

இங்கே வேப்பிலை அசையவில்லை.
கரண்டும் இல்லை. லேப்டாப்பில் பதினெட்டு சதவீதம்.
ஏழை அழித்துப் பதினொன்றைப் போட்டேன்.
பதினாலு விட்டாலும் தாங்கும்.
பதினாலோடு பதினைந்தும் விட்டால்?
விரல் வரவில்லை.
போட்டேன்.
தாங்காது.

அலைக்கு முகம் கொடுக்கச் சொல், என்றேன்.
தென்மேற்கே திரும்பு. வேகம் பாதி.
தூத்துக்குடி எங்கேயும் ஓடிவிடாது.
மீகாமன் கேட்டது கேட்டது: யார் சொல்வது?
"வேலூர்" என்றான் இஸ்மத்துல்லா.
அப்புறம் யாரோ சிரித்தார்கள், அல்லது காற்று.

திரும்பும்போது ஒருமுறை பதிமூன்று என்றான்.
இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
சுவர் எதற்கென்று தெரியாமல்.
ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
பிறகு அந்தக் கிறீச்சு தளர்ந்தது,
பக்கவாட்டில் ஆடிய கப்பல் முன்னும் பின்னுமாகத்
தலையாட்டத் தொடங்கியது,
மாடு ஒத்துக்கொள்வதுபோல.

விடிந்ததும் ஏகாம்பரம் ஷட்டரைத் தூக்கினார்.
ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, நிறுத்தி,
விளிம்பில் ஈயத்துண்டு அறைந்தார்.
மறுபடி சுழற்றினார். பிடுங்கி, விரலகலம் தள்ளி அறைந்தார்.
"ராத்திரி கத்துனீங்களே, யாரும்மா?" என்றார்.
கப்பல் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டார்.

சாயங்காலம் ஒரு படம் வந்தது.
பதினாலாம் முட்டைச் சுற்றிப் புது வெல்டு,
குளவிக்கூடு மாதிரி அசிங்கமாக, தடிமனாக.
பின்னால் கோணலாய்க் கொஞ்சம் கடல்.
இரண்டு விரலால் பெரிதாக்கினேன்,
வெல்டை.